ஏஐஎக்ஸை விட்டு லினக்ஸுக்குப் போகலாமா? அந்த ‘உறுதி’ எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்

கேள்வி கேட்டவர் ஒரு நடுத்தர நிதி நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே ஐபிஎம்மின் பவர் சர்வர்களில் அந்த நிறுவனத்தின் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டமான (ஓஎஸ்) ஏஐஎக்ஸும், அதன் மேல் ஆரக்கிள் டேட்டாபேஸும் ஓடுகின்றன. இட்டானியம் ப்ராசஸர் உள்ள சர்வர் ஒன்றில் ஹெச்பியின் யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸ் இருக்கிறது. யாரும் கை வைக்கத் துணியாத ஒரு பழைய கணக்குப் பயன்பாடு அதில் ஓடுகிறது. புதிதாக வந்த மேலாளர் எல்லாவற்றையும் வழக்கமான இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர் உள்ள எக்ஸ்86 சர்வரில் ரெட் ஹேட் லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். பல வருடமாக இருக்கும் சீனியர்களோ, யூனிக்ஸில் இருந்த உறுதி லினக்ஸில் வராது என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: சீனியர்கள் கண்ணால் பார்த்த அந்த உறுதி எங்கிருந்து வந்தது, மாறும்போது அதில் எது கூடவே வரும், எதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்? ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ், சோலாரிஸ் (இப்போது ஆரக்கிளிடம் இருக்கும் யூனிக்ஸ்) மூன்றையும் பல வருடம் பார்த்துக்கொண்டு, பிறகு லினக்ஸுக்கு வந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். மெயின்பிரேமில் நான் வேலை செய்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

விவாதத்துக்கே இடமில்லாத பகுதியை முதலில் முடித்துவிடுவோம். ஹெச்பி-யூஎக்ஸை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அது ஓடும் இட்டானியம் ப்ராசஸரின் கடைசித் தலைமுறையை இன்டெல் 2017-ல் வெளியிட்டது, 2021 ஜூலையோடு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. ஹெச்பி-யூஎக்ஸ் 11ஐ வி3 பதிப்புக்கான வழக்கமான ஆதரவும் 2025 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தால் அதை அடைக்கப் புதிய பேட்ச் வரும் என்று இனி எதிர்பார்க்க முடியாது. நிதி நிறுவனத்தில் ஆடிட்டர் இதைக் கேட்கும்போது உங்கள் கையில் நல்ல பதில் இருக்காது. இது திடீரென்று வந்த முடிவும் அல்ல. 2011 மார்ச்சிலேயே இட்டானியத்துக்குப் புதிய மென்பொருள் எழுதப் போவதில்லை என்று ஆரக்கிள் அறிவித்தது. ஹெச்பி நீதிமன்றம் போய் வென்றது, 2016-ல் ஜூரி 300 கோடி டாலர் இழப்பீடும் சொன்னது. வழக்கில் ஜெயித்தும் அந்த மேடையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே உங்கள் மேலாளர் ஹெச்பி-யூஎக்ஸ் விஷயத்தில் நூறு சதவீதம் சரி.

ஏஐஎக்ஸின் நிலைமை அப்படி இல்லை. ஏஐஎக்ஸ் 7.3 வந்தது 2021 டிசம்பரில், பவர்11 சர்வர்கள் வந்தது 2025 ஜூலையில். ஹார்ட்வேரும் ஓஎஸ்ஸும் இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. ‘யூனிக்ஸ் செத்துப்போச்சு’ என்று உங்கள் மேலாளர் ஏஐஎக்ஸையும் சேர்த்துச் சொன்னால் அது தவறு. அதே ஐபிஎம்தான் 2019-ல் சுமார் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் புது முதலீடும் கவனமும் லினக்ஸ் பக்கமே சாயும் என்பது என் கணிப்பு. கணிப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தீ பிடித்ததுபோல ஓட வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

(சோலாரிஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு வரி: 2017-க்குப் பிறகு சோலாரிஸ் ஓடும் ஸ்பார்க் வரிசையில் புது ப்ராசஸரை ஆரக்கிள் கொண்டுவரவில்லை, சோலாரிஸ் 11.4-க்கு மட்டும் ஆதரவை நீட்டித்துக்கொண்டே போகிறது.)

இப்போது சீனியர்கள் சொல்லும் உறுதிக்கு வருவோம். அது பொய்யில்லை. ஆனால் அது ஓஎஸ்ஸின் மையமான கர்னலிலிருந்து மட்டும் வந்ததில்லை. சர்வர், அதன் ஃபர்ம்வேர், ஓஎஸ், டிஸ்க் டிரைவர், ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்கும்படி இணைக்கும் கிளஸ்டர் மென்பொருள், சர்வீஸ் இன்ஜினியர் எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வந்ததால் கிடைத்த உறுதி அது. ஒரு சின்ன உதாரணத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஏஐஎக்ஸில் ‘எர்பிடி’ என்று தட்டினால் ஒவ்வொரு கோளாறும் ஒரே ஒரு வரியாக வரும். கோளாறின் அடையாள எண். பத்து இலக்கத்தில் மாதம், தேதி, மணி, நிமிடம், வருடம். அடுத்து ஒரே எழுத்தில் அது நிரந்தரக் கோளாறா, தற்காலிகமா என்ற விவரம். இன்னொரு எழுத்தில் ஹார்ட்வேரா, மென்பொருளா என்பது. அதன் பிறகு ‘ஹெச்டிஸ்க்4’ போல எந்தப் பொருள் என்பது. விரிவான வடிவத்தைக் கேட்டால் அந்தப் பொருள் பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறியீடு வரை கொடுக்கும். கால்-ஹோம் வசதியை அமைத்திருந்தால், சர்வரை நிர்வகிக்கும் ஹெச்எம்சி கன்சோல் தானாகவே ஐபிஎம்முக்குத் தகவல் அனுப்பிவிடும். நீங்கள் விழித்துப் பார்ப்பதற்குள் மாற்று உதிரி பாகத்தோடு ஆள் கிளம்பியிருப்பார். இரவு இரண்டு மணிக்குத் தனியாக டேட்டா சென்டரில் நிற்கும் ஆளுக்கு அந்த ஒரு வரி கொடுக்கும் தைரியம் பெரியது.

லினக்ஸில் இந்தத் தகவல் கிடைக்காது என்று இல்லை. ஆனால் சிதறிக் கிடக்கும். கொஞ்சம் டிமெசேஜ் என்ற கர்னல் பதிவில், கொஞ்சம் ஓஎஸ்ஸின் ஜர்னல் பதிவில், மெமரிப் பிழைகள் ராஸ்டெமன் என்ற கருவியில், ஹார்ட்வேர் விவரம் சர்வருக்குள் இருக்கும் நிர்வாகச் சிப்பான ஐடிராக்கிலோ ஐஎல்ஓவிலோ. இவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, எது வந்தால் யாருக்கு அலாரம் போக வேண்டும் என்று அமைப்பது உங்கள் வேலையாகிவிடும். செய்தால் ஏஐஎக்ஸுக்கு இணையாக, சில விதத்தில் அதைவிட நன்றாகவே பார்க்க முடியும். செய்யாமல் ஓஎஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு, முன்புபோலவே தானாக எல்லாம் நடக்கும் என்று இருந்தால், சீனியர்கள் சொன்னதுதான் உண்மையாகும். ஹார்ட்வேரைப் பொறுத்தவரை இடைவெளி முன்பு இருந்த அளவு இல்லை. மெமரியில் சரிசெய்ய முடியாத பிழை வந்தாலும் சர்வர் விழாமல் அந்த மெமரிப் பக்கத்தை மட்டும் ஒதுக்கும் வசதி 2010-லேயே ஸியான் 7500 வரிசையோடு எக்ஸ்86-க்கு வந்துவிட்டது. பெரிய பவர் சர்வர் இன்னமும் இதில் ஒரு படி மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் நடுத்தர அளவில், இரண்டு எக்ஸ்86 சர்வர்களைக் கிளஸ்டராக ஓட்டினால் அந்த ஒரு படியை ஈடுகட்டிவிடலாம்.

சீனியர்களின் அனுபவத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. சி மொழியில் எழுதிய பழைய நிரல்களில் நல் பாயின்ட்டரை, அதாவது எதையும் சுட்டாத முகவரி பூஜ்யத்தை, தவறுதலாகப் படிக்கும் பிழை சாதாரணம். முகவரி பூஜ்யத்தைப் படிக்கப் போனால் லினக்ஸ் உடனே செக்மென்டேஷன் ஃபால்ட் கொடுத்து நிரலை நிறுத்திவிடும். ஏஐஎக்ஸில் அந்த மெமரிப் பக்கத்தைப் படிக்க அனுமதிக்கப்பட்டது. பூஜ்யம் கிடைக்கும், நிரல் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெச்பி-யூஎக்ஸும் வழக்கமாக இப்படித்தான் விட்டுவிடும், லிங்க்கரில் தனி ஆப்ஷன் கொடுத்தால்தான் பிடிக்கும். விளைவு என்ன? பதினைந்து இருபது வருடம் ‘விழவே விழாத’ பயன்பாட்டை லினக்ஸில் கம்பைல் செய்து ஓட்டினால் முதல் நாளே விழும். பார்ப்பவர்கள் லினக்ஸ் பலவீனம் என்று முடிவு கட்டுவார்கள். உண்மையில் பிழை முதலிலிருந்தே இருந்தது, இப்போதுதான் வெளியே தெரிகிறது. பூஜ்யம் என்று படித்த அந்த மதிப்பு எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று யோசித்தால், விழுவதே நல்லது என்று தோன்றும். உங்கள் ஹெச்பி-யூஎக்ஸ் பயன்பாட்டின் மூல நிரல் கையில் இருக்கிறதா என்று இன்றே தேடச் சொல்வதும் இதனால்தான். மூல நிரல் இல்லையென்றால் அதை நகர்த்தவே முடியாது. புதிதாக வாங்க வேண்டும், இல்லையேல் எழுத வேண்டும்.

இதே வகையில் இன்னொன்று: சி மொழியில் ஒரு எழுத்தை வைக்கும் ‘கேர்’ வகை மாறி, ஏஐஎக்ஸில் குறியற்ற எண்ணாக நடத்தப்படும், எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ள எண்ணாக. 127-க்கு மேற்பட்ட பைட் வந்தால் லினக்ஸில் அது எதிர்மறை எண்ணாகிவிடும். அதை வைத்து ஒரு அட்டவணையில் இடம் தேடும் நிரல் தவறான இடத்தைத் தொடும். ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள தகவலில் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. கம்பைலரில் ஒரு ஆப்ஷன் கொடுத்துப் பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரலாம்.

மெமரி நிர்வாகத்தில் உள்ள வித்தியாசம் டேட்டாபேஸ் சர்வருக்கு மிக முக்கியம். லினக்ஸ் தன்னிடம் இருப்பதைவிட அதிகமாக மெமரி தருவதாக நிரல்களுக்கு ஒப்புக்கொள்ளும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அப்படிக் கேட்டுவிட்டால், மெமரி தீரும்போது தலையிடும் ஓஓஎம் கில்லர் என்ற கர்னல் பகுதி ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். அது பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பதைத்தான் பிடிக்கும், டேட்டாபேஸ் சர்வரில் அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏஐஎக்ஸ், மெமரிக்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கிய பேஜிங் இடம் குறையும்போது எல்லா ப்ராசஸ்களுக்கும் முதலில் ஒரு எச்சரிக்கை சிக்னல் அனுப்பும், அப்புறமும் தாளவில்லை என்றால் புதிதாகத் தொடங்கியவற்றிலிருந்து கொல்ல ஆரம்பிக்கும்; பழைய டேட்டாபேஸ் ப்ராசஸ் தப்பிக்க வாய்ப்பு அதிகம். சோலாரிஸ் இன்னும் கறார், இடம் இல்லையென்றால் கேட்கும்போதே இல்லை என்று சொல்லிவிடும். எனவே லினக்ஸில் ஆரக்கிளை வைக்கும்போது ஹியூஜ் பேஜஸைக் (பெரிய அளவு மெமரிப் பக்கங்கள்) கட்டாயம் ஒதுக்குங்கள், லினக்ஸ் அவற்றைத் தானாக அமைக்கும் ட்ரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜஸை அணைத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான இணைப்புகள் வரும் சர்வரில் ஆரக்கிளின் பொது மெமரியான எஸ்ஜிஏ-வைச் சாதாரண 4 கேபி பக்கங்களில் விட்டால், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனியாகப் பேஜ் டேபிள் (மெமரி முகவரி அட்டவணை) வளர்ந்து பல ஜிபி அதிலேயே போய்விடும். ‘லினக்ஸுக்கு மாறினோம், ஸ்லோ ஆகிவிட்டது’ என்ற புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஸ்கிரிப்ட்டுகள் விஷயம் சின்னதாகத் தோன்றும், மாற்றத்தில் அதிக நேரம் தின்பது அதுதான். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், ஏஐஎக்ஸில் வழக்கமாகக் கார்ன் ஷெல், லினக்ஸில் பாஷ். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு ஸ்கிரிப்ட், கோப்புகளின் பட்டியலைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தருவது) வழியாக ‘வைல் ரீட்’ சுழற்சிக்கு அனுப்பி, உள்ளே ஒரு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்ன் ஷெல் பைப்பின் கடைசிப் பகுதியைத் தன்னிடமே ஓட்டும், அதனால் சுழற்சி முடிந்ததும் எண்ணிக்கை 240 என்றால் 240 என்றே இருக்கும். பாஷ் அதைத் தனி ஷெல்லில் ஓட்டும்; சுழற்சி முடிந்ததும் அந்த ஷெல்லோடு எண்ணிக்கையும் போய்விடும், வெளியே பூஜ்யம் இருக்கும். ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாது. ‘இன்று செயலாக்க ஒன்றும் இல்லை’ என்று நினைத்து வெற்றிக் குறியோடு முடிந்துவிடும். நாள் இறுதி வேலைகளில் இப்படி ஒன்று நடந்தால் மறுநாள் காலைவரை யாருக்கும் தெரியாது. எல்லா ஸ்கிரிப்ட்டையும் உட்கார்ந்து திருத்த வேண்டியதில்லை. லினக்ஸிலும் கார்ன் ஷெல்லை நிறுவலாம். ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் முதல் வரியும் அதைத்தான் சுட்டுகிறதா என்று பார்த்துவிட்டால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும். முதல் வரியே இல்லாத ஸ்கிரிப்ட்டுகள்தான் கவனிக்க வேண்டியவை. ஏஐஎக்ஸின் சொந்தக் கட்டளைகளைக் கூப்பிடும் இடங்களைத் தனியாகத் தேடி மாற்ற வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

அடுத்து டேட்டா. பவரில் ஏஐஎக்ஸ், இட்டானியத்தில் ஹெச்பி-யூஎக்ஸ் இரண்டும் பிக்-எண்டியன், எக்ஸ்86 லிட்டில்-எண்டியன். ஒரு எண்ணின் பைட்டுகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதே நேர்மாறு. ஆகவே டேட்டாபேஸ் கோப்புகளை அப்படியே நகலெடுத்துத் திறக்க முடியாது. லினக்ஸில் ஒரு பிசிக்கல் ஸ்டாண்ட்பை (டேட்டாபேஸின் அச்சு நகல்) ஏற்படுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிட்ச்-ஓவர் செய்துவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால், அது இங்கே நடக்காது. ஆரக்கிளின் டேட்டா பம்ப் கருவி வழியாக ஏற்றி இறக்கலாம், சின்ன டேட்டாபேஸுக்கு அதுவே போதும். பெரியது என்றால் டேபிள்ஸ்பேஸ்களை (டேட்டா கோப்புகளின் தொகுப்புகள்) ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் மூலம் வடிவம் மாற்றி, மாற்றங்களைப் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசிச் சில மணி நேரம் மட்டும் நிறுத்தும் முறை உண்டு. மாற்றங்களை உடனுக்குடன் நகலெடுக்கும் கோல்டன்கேட் போன்றவை இன்னும் குறைந்த நேரத்தில் முடிக்கும், ஆனால் அதற்குத் தனி லைசென்ஸும் பழகிய ஆளும் வேண்டும். பயன்பாடு தானே எழுதும் பைனரிக் கோப்புகள் இருந்தால் அவற்றை ஆரக்கிள் பார்த்துக்கொள்ளாது, அவை உங்கள் பொறுப்பு.

செலவு பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வி முடியாது, ஏனென்றால் மேலாளர் மனதில் இருப்பது அதுதான். லினக்ஸ் இலவசம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ரெட் ஹேட் சந்தா கட்ட வேண்டும்; உங்கள் மாதிரி நிறுவனம் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். பெரிய தொகை ஆரக்கிள் லைசென்ஸில் இருக்கிறது. லைசென்ஸ் எண்ணிக்கையைக் கணக்கிட உதவும் ஆரக்கிளின் கோர் ஃபேக்டர் அட்டவணைப்படி பவர் கோர் ஒன்றுக்கு 1.0, இன்டெல் அல்லது ஏஎம்டி எக்ஸ்86 கோர் ஒன்றுக்கு 0.5. அதாவது கோருக்குக் கோர் பார்த்தால் பாதி. ஆனால் ஒரு பவர் கோர் பொதுவாக அதிக வேலை செய்யும் என்பதால் அதே எண்ணிக்கை கோர்கள் எக்ஸ்86-ல் போதாமல் போகலாம். எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் வேலைப்பளுவை ஓட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, விற்க வருபவர் காட்டும் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. பவரில் கேப் செய்த (உச்சவரம்பு வைத்த) எல்பார் என்ற சர்வர் பிரிவை ஹார்டு பார்ட்டிஷன், அதாவது உறுதியான பிரிப்பு, என்று ஆரக்கிள் ஏற்றுக்கொள்கிறது. பெரிய சர்வரில் நான்கு கோர் ஒதுக்கினால் நான்கு கோருக்கு மட்டும் கட்டினால் போதும். மெய்நிகர் சர்வர்களை (விஎம்) ஓட்டும் விஎம்வேரை அப்படி ஏற்பதில்லை. நாற்பது கோர் உள்ள எக்ஸ்86 சர்வரில் விஎம்வேரின் மேல் நான்கு கோர் விஎம்மில் ஆரக்கிளை ஓட்டினாலும், அவர்கள் கொள்கைப்படி நாற்பதுக்கும் கேட்பார்கள், கிளஸ்டர் என்றால் அதற்கும் மேல் போகும். மிச்சம் பிடிக்க மாறிய இடத்தில் பில் ஏறுவது இப்படித்தான். ஆரக்கிளுக்கென்று சின்னதாகத் தனி சர்வர் வாங்குவது, பெரும்பாலும் இந்தச் சிக்கலுக்கு மலிவான தீர்வு.

லினக்ஸ் பக்கம் சீனியர்கள் கவலைப்படுவதில் நியாயமான ஒன்றும் உண்டு. ஏஐஎக்ஸில் பல பதிப்புகளுக்கு முன் கம்பைல் செய்த நிரல் இன்றைய பதிப்பிலும் ஓடும் என்று ஐபிஎம் எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுக்கிறது. லினக்ஸ் கர்னலும் பயன்பாடுகளை உடைக்காமல் பார்த்துக்கொள்கிறது, ஆனால் கர்னலுக்குள் ஏறும் டிரைவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஸ்டோரேஜ் டிரைவர், பேக்கப் ஏஜென்ட், பாதுகாப்பு ஏஜென்ட் என்று மூன்றாம் நிறுவனத்தின் மாட்யூல்கள் இருந்தால், கர்னலைப் புதுப்பித்த இரவில் அவற்றில் ஒன்று ஏற மறுக்கலாம். ரெட் ஹேட் ஒரே பெரும் பதிப்புக்குள் குறிப்பிட்ட இடைமுகங்களை மாற்றாமல் வைத்திருந்து இதைக் குறைக்கிறது, முழுக்க நீக்குவதில்லை. எனவே அத்தகைய மாட்யூல்களை முடிந்தவரை குறைத்து வாங்குங்கள். மல்டிபாத் (ஸ்டோரேஜுக்குப் பல வழி இணைப்பு) போன்றவற்றுக்கு லினக்ஸிலேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள். ரெட் ஹேட் லினக்ஸின் இலவச மறுபதிப்புகளில் உற்பத்தி சர்வரை வைப்பதற்கும் நான் ஆதரவு தர மாட்டேன். 2029 வரை ஆதரவு என்று நம்பி அப்படி ஒரு மறுபதிப்பான சென்ட்ஓஎஸ் 8-ஐ நிறுவியவர்களுக்கு 2021 கடைசியோடு முடிகிறது என்ற செய்தி 2020 டிசம்பரில் வந்தது. அதே வகையான ஆல்மாவும் ராக்கியும் அப்புறம் வந்து நன்றாகவே நடக்கின்றன, சோதனை சர்வர்களுக்குத் தாராளமாக வைக்கலாம்.

சீனியர்களிடம் இதையும் சொல்லுங்கள்: லினக்ஸில் அவர்களுக்கு அந்நியமானது குறைவு. ரெட் ஹேட் 7 முதல் வழக்கமான ஃபைல் சிஸ்டமாக இருக்கும் எக்ஸ்எஃப்எஸ், சிலிக்கான் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸ் யூனிக்ஸிலிருந்து வந்தது. டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் கட்டளைகள் ஹெச்பி-யூஎக்ஸை ஒட்டியே அமைந்தவை. அதில் பழகியவர் முதல் நாளே ‘விஜிகிரியேட்’ தட்டிவிடுவார். அவர்கள் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள், பழைய பயன்பாட்டின் ரகசியங்கள் அவர்கள் தலையில்தான் இருக்கின்றன.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஹெச்பி-யூஎக்ஸை முதலில் நகர்த்துவேன், ஏஐஎக்ஸ் டேட்டாபேஸை அடுத்த ஹார்ட்வேர் ஒப்பந்தம் முடியும் வரை அங்கேயே விடுவேன். இடையில் புதிதாக வரும் எல்லாப் பயன்பாடுகளையும் லினக்ஸில் வைத்து, கண்காணிப்பு, பேட்ச், கிளஸ்டர் மூன்றிலும் குழுவுக்குக் கை பழக விடுவேன். ஏஐஎக்ஸை நகர்த்தும்போது ஒரு மாத இறுதியும் ஒரு காலாண்டு இறுதியும் அடங்கும்படி பழைய சர்வர், புதிய சர்வர் இரண்டையும் இணையாக ஓட்டி, அறிக்கைகளை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பழைய சர்வரை அணைப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஏஐஎக்ஸின் முழு சிஸ்டம் பேக்கப்பான எம்கேசிஸ்பியை பவர் சர்வரில் மட்டும்தான் திரும்ப நிறுவ முடியும், ஹெச்பி-யூஎக்ஸின் இக்னைட் பேக்கப்பும் அதற்குரிய ஹார்ட்வேர் இல்லாமல் பயன்படாது. சட்டப்படி எத்தனை வருடக் கணக்கை வைத்திருக்க வேண்டுமோ அத்தனையையும் வேறு எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் வெளியே எடுத்து, லினக்ஸில் ஒரு முறை திறந்து சரிபார்த்த பிறகு சர்வரைக் கழற்றச் சொல்லுங்கள்.